டக்டக்கோ தேடுபொறி: பிரவுசிங் சென்டர் நடத்தியவளின் மதிப்பீடு

தேடுபொறியை மதிப்பிடுபவர்கள் வழக்கமாக வேகத்தையும் துல்லியத்தையும் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. நாளைக்கு ஓர் அரசாங்கம் கடிதத்தோடு வந்து நின்றால், எடுத்துக் கொடுக்க இந்த நிறுவனத்தின் கையில் என்ன இருக்கிறது? அடுத்தது, என் கடைக்கு வரும் பிள்ளைகள் கண்ணில் ஆபாசம் படாமல் இது எவ்வளவு தூரம் காக்கிறது? இந்த இரண்டு கேள்விக்கும் ஒருசேரப் பதில் சொல்லும் தேடுபொறி வேண்டும் என்று பல காலமாகத் தேடினேன். இப்போது என் கடையின் இரண்டு கம்ப்யூட்டர்களிலும் டக்டக்கோதான் இருக்கிறது. அதில் எனக்கு நிறைவு. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

திண்டுக்கல்லில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஜியோ வருவதற்கு முன்னால் அதே இடத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்பதாலேயே கல்லூரிப் பெண்களும் வேலைக்குப் போகிற பெண்களும் என் சென்டருக்கு வருவார்கள். 2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. வருபவரின் அடையாள அட்டை நகல், பெயர், முகவரி, போன் நம்பர், எந்த சிஸ்டம், எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். எந்தெந்தத் தளங்களுக்குப் போனார் என்ற ஹிஸ்டரியைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். மாத அறிக்கை அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் போக வேண்டும். தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. ஆபாசத் தளம் பார்க்கக் கூடாது என்று கண்ணில் படும்படி போர்டு மாட்ட வேண்டும்.

ஹிஸ்டரியை நகல் எடுத்து வைக்கும் வேலை என்னுடையது. அப்போது பெரும்பாலான தேடல்கள் பூட்டில்லாத பழைய முறையில் போகும், தேடிய சொல் முகவரிக்குள்ளேயே கிடக்கும். பார்க்காமல் இருக்க முயன்றாலும் கண்ணில் பட்டுவிடும். நகைக்கடன் ஏலத்தை எப்படி நிறுத்துவது, கரு கலைந்தால் எத்தனை நாள் உதிரம் போகும், மூலத்துக்கு ஆபரேஷன் இல்லாமல் மருந்து, புருஷன் அடித்தால் எங்கே புகார் கொடுப்பது. போர்டு மாட்டியது ஆபாசத்துக்கு எதிராக. டிஸ்க்கில் சேர்ந்ததோ ஊர் மக்களின் உடம்பும் கடனும் குடும்பமும்.

ஒரு நாள் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி ஏதோ தட்டச்சிட ஆரம்பித்துவிட்டு, எழுந்து கல்லாவுக்கு வந்தாள். “அக்கா, நான் தேடுறது இதுக்குள்ள இருக்குமா?”

“இருக்கும்மா. ஒரு வருஷம் வச்சிருக்கணும்னு சட்டம்.”

அவள் திரும்பிப் போய் ஜன்னலை மூடிவிட்டு, அரை மணி நேரத்துக்கான காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரிய வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாள் என்பது மட்டும் தெரியும். சேர்த்து வைப்பதால் வரும் கேடு, போலீஸ் வந்து கேட்கும் நாளில் தொடங்குவதில்லை. சேர்ந்திருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

இதே சிக்கல் அமெரிக்காவில் மிகப் பெரிய அளவில் நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. டக்டக்கோவைப் புரிந்துகொள்ள அந்த வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. 1998இல் அமெரிக்க காங்கிரஸ் ‘கோபா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குழந்தைகள் இணையவழிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சிறுவர்களுக்குக் கேடு தரும் பாலியல் உள்ளடக்கத்தை வணிகமாக வெளியிடும் தளங்கள், வருபவர் பெரியவர்தான் என்று கிரெடிட் கார்டு போன்ற ஏதாவது ஒன்றைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 50,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. சிவில் உரிமை அமைப்பான ஏசிஎல்யூ உடனே வழக்குப் போட்டது. பிலடெல்பியாவில் நீதிபதி லோவல் ரீட் 1999இலேயே தடை விதித்தார். வழக்கு மேலும் கீழுமாக அலைந்து, 2004இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று ஒரு முடிவுக்கு வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் போடும் வடிகட்டி, அதாவது ஃபில்டர், இந்தச் சட்டத்தைவிட நன்றாகவும் பேச்சுரிமையைக் குறைவாகப் பாதிக்கும்படியும் வேலை செய்யக்கூடும், எனவே முழு விசாரணை நடத்துங்கள் என்று திருப்பி அனுப்பியது.

அப்போதுதான் அரசு தேடுபொறிகளின் கதவைத் தட்டியது. ஃபில்டர்கள் போதாது என்று நிரூபிக்க, மக்கள் இணையத்தில் என்ன தேடுகிறார்கள், அதில் எவ்வளவு ஆபாசம் வந்து விழுகிறது என்ற புள்ளிவிவரம் அரசுக்குத் தேவைப்பட்டது. 2005 ஆகஸ்டில் கூகுள், யாஹூ, ஏஓஎல், மைக்ரோசாஃப்ட் நான்குக்கும் சம்மன் போனது. மற்ற மூன்றும் ஆளின் விவரம் இல்லாமல் தகவல் கொடுத்ததாகச் சொன்னார்கள். கூகுள் மறுத்தது. அரசு முதலில் கூகுளிடம் கேட்டதைப் பாருங்கள். தேடுவதற்காகக் கூகுள் தொகுத்து வைத்திருக்கும் அட்டவணையில் உள்ள எல்லா இணைய முகவரிகளும், ஜூன் ஜூலை இரண்டு மாதமும் மக்கள் தட்டச்சிட்ட எல்லாத் தேடலும். பிறகு பத்து லட்சம் முகவரி, ஒரு வாரத் தேடல் என்று குறைந்தது. 2006 மார்ச்சில் சான் ஹோசே நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது 50,000 முகவரியும் 5,000 தேடலும் என்று சுருங்கியிருந்தது. இரண்டு மாதத் தேடல் முழுவதையும் கேட்டவர்களுக்குக் கடைசியில் 5,000 போதும் என்றால், முதலில் ஏன் அவ்வளவு கேட்டார்கள்? இருக்கிறது என்று தெரிந்தால் கேட்பார்கள். என் பதிவேட்டை வைத்து எனக்குத் தெரிந்த விஷயம் இது.

நீதிபதி ஜேம்ஸ் வேர் மார்ச் 17 அன்று தீர்ப்புச் சொன்னார். 50,000 முகவரிகளைக் கூகுள் கொடுக்க வேண்டும், தேடல் ஒன்றுகூடக் கொடுக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைப் பற்றி இரு தரப்பும் பெரிதாக வாதாடாத நிலையில் அவராகவே அதை எடுத்துப் பேசினார். இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி எண் இல்லாவிட்டாலும் தேடிய சொல்லே ஆளைக் காட்டிக்கொடுக்கலாம், மக்கள் தங்கள் பெயரையே தேடுகிறார்கள் என்றார். வெள்ளை மாளிகையில் குண்டு வைப்பது பற்றி ஒருவர் தேடியது அரசின் கண்ணில் பட்டால், ஆபாசப் புள்ளிவிவரத்துக்காக மட்டும்தான் வாங்கினோம் என்று அதைத் தள்ளி வைத்துவிடுவார்களா என்ற கவலையும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அவர் பயந்ததற்கு ஆதாரம் அந்த ஆண்டே கிடைத்தது. ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் ஆராய்ச்சிக்கு என்று சுமார் ஆறரை லட்சம் பேரின் இரண்டு கோடித் தேடல்களை இணையத்தில் வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள். ஒரே எண்ணின் கீழ் மூன்று மாதத் தேடல்கள் வரிசையாக நின்றன. நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அதில் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு, ஊர், குடும்பப் பெயர், உடல் உபாதை என்று கோத்து, ஒரு பெண்மணியின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள்.

இங்கேதான் டக்டக்கோவுக்கு வருகிறேன். கேப்ரியல் வைன்பெர்க் என்பவர் 2008இல் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜில் தொடங்கியது. கோபா வழக்கு நடந்த பிலடெல்பியாவுக்கு அது புறநகர். இதன் அடிப்படைக் கொள்கை, தேடுபவரின் ஐபி எண்ணையோ வேறு அடையாளத்தையோ தேடலோடு சேர்த்துச் சேமிப்பதில்லை என்பது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. தேடல் சொற்களையே அறவே சேமிப்பதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். எழுத்துப்பிழைத் திருத்தம் போன்ற காரியங்களுக்குச் சொற்களை ஆளோடு இணைக்காமல் வைத்துக்கொள்வதாக அவர்களே சொல்கிறார்கள். நீதிபதி வேரின் கவலைப்படி பார்த்தால், ஒருவர் தன் பெயரையும் நோயையும் ஒரே தேடலில் போட்டால் அந்தச் சொல்லில் ஆள் தெரியத்தான் செய்வார். ஆனால் ஏஓஎல் விஷயத்தில் ஆளைப் பிடித்தது ஒரு தேடலை வைத்து அல்ல, ஒரே எண்ணில் கோத்திருந்த நூற்றுக்கணக்கான தேடல்களை வைத்து. டக்டக்கோவில் கோக்கும் நூல் கிடையாது. திங்கட்கிழமை தேடியவரும் செவ்வாய்க்கிழமை தேடியவரும் ஒரே ஆளா என்பது அவர்களுக்கே தெரியாது. எனக்கு இந்த ஒன்று போதும்.

காசு எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும், இலவசமாகக் கிடைக்கும் எதிலும் அதுதான் முக்கியம். விளம்பரம்தான் வருமானம். ஆனால் விளம்பரம் தேடிய சொல்லுக்கு வருகிறது, தேடிய ஆளுக்கு அல்ல. தையல் மெஷின் என்று தேடினால் தையல் மெஷின் விளம்பரம் வரும், அடுத்து மூட்டுவலி என்று தேடும்போது அது கூடவே வராது. விளம்பரம் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் மூலம் வருவது. அதைச் சொடுக்கினால் உங்கள் ஐபி எண் மைக்ரோசாஃப்டுக்குப் போகும். என் கடையில் விளம்பரத்தைச் சொடுக்க வேண்டாம் என்று சிஸ்டத்தின் மேலேயே சின்னதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மைக்ரோசாஃப்டின் மீது இவ்வளவு சாய்ந்திருப்பது இந்தச் சேவையின் பெரிய பலவீனம். வழக்கமான இணைப்புகளும் படங்களும் பெரும்பாலும் அவர்களுடைய தேடுபொறியான பிங்கிலிருந்தே வருகின்றன. 2024 மே 23 அன்று பிங் படுத்தபோது டக்டக்கோவும் கூடவே படுத்தது. அதைவிட எனக்கு வருத்தம் தந்தது 2022இல் வெளியான செய்தி. அவர்களுடைய மொபைல் பிரவுசர் மற்ற நிறுவனங்களின் பின்தொடரும் நிரல்களைத் தடுத்தபோதும், ஒப்பந்தம் காரணமாக மைக்ரோசாஃப்டின் சில நிரல்களை வேறு தளங்களில் விட்டுவைத்தது. ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆகஸ்டில் சரிசெய்தார்கள். அது பிரவுசர் பற்றிய விஷயம், தேடல் பதிவு பற்றியது அல்ல. இருந்தாலும் அந்தரங்கத்தை விற்பனைச் சரக்காக வைத்திருப்பவர்கள் அதை முதலிலேயே கொட்டை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் கடையில் அவர்களுடைய தேடலை மட்டும் வைத்திருக்கிறேன், பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸ்.

உள்ளூர் விஷயம் தேட, அதாவது நத்தம் பஸ் எத்தனை மணிக்கு, எந்த வங்கிக் கிளை திறந்திருக்கிறது என்பதற்கெல்லாம் கூகுள்தான் இன்றைக்கும் கெட்டி. மேப்பும் கூகுள்தான். ஆச்சரியக்குறி போட்டு ஆங்கில ஜி எழுத்தை ஒட்டித் தட்டச்சிட்டுத் தேடினால் டக்டக்கோவிலிருந்து நேராகக் கூகுளுக்குப் போய்விடலாம். அப்படிப் போகும் தேடல் கூகுளின் கையில்தான் விழும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பஸ் நேரத்துக்கு அதில் ஒன்றும் குறைவில்லை.

டக்டக்கோ எதை மறைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும், இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நீங்கள் என்ன தேடினீர்கள் என்பது இணைய இணைப்புக் கொடுப்பவருக்குத் தெரியாது. தேடிவிட்டு எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். தளத்துக்குள் எந்தப் பக்கம் என்பது தெரியாது, தளத்தின் பெயர் தெரியும். சேவையே நாளைக்குத் திறக்காமலும் போகலாம். 2020 ஜூலைத் தொடக்கத்தில் இந்தியாவில் பலருக்கு டக்டக்கோ சில நாள் திறக்கவில்லை. அப்புறம் சட்டம். இல்லாததைக் கொடு என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது, ஆனால் இனிமேல் சேர்த்து வை என்று ஓர் அரசு சொல்ல முடியும். 2022 ஏப்ரலில் இந்தியாவின் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு, இருக்கும் இடத்தை மறைத்து இணையத்துக்கு அனுப்பும் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்றவை இங்கிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. தேடுபொறிக்கும் அப்படி ஒரு உத்தரவு வந்தால் நான் மேலே எழுதிய பாராட்டு செல்லாது.

என் நிலைப்பாட்டுக்கு எதிராகச் சொல்லக்கூடியதில் ஆகக் கனமானது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டென்வர் நகர வழக்கு. 2020 ஆகஸ்டில் அந்த ஊரில் ஒரு வீட்டுக்குத் தீ வைத்தார்கள். செனகலிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் ஐந்து பேர் இறந்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. துப்பே கிடைக்காத நிலையில், முந்தைய 15 நாளில் அந்த வீட்டு முகவரியைத் தேடியவர்கள் யார் என்று வாரன்ட் வாங்கிப் போலீஸ் கூகுளிடம் கேட்டது. பதில் வந்தது, ஆட்கள் பிடிபட்டார்கள். 2023 அக்டோபரில் கொலராடோ உச்ச நீதிமன்றம் அந்த ஆதாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது. டக்டக்கோவில் தேடியிருந்தால் அந்த வழி அடைந்திருக்கும். இந்த விலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழந்தையை நினைத்தால் எனக்கும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் நீதிபதி கையெழுத்தோடு ஒரே ஒரு முகவரியைக் கேட்பதும், ஒரு சட்டத்துக்குப் புள்ளிவிவரம் வேண்டும் என்று இரண்டு மாத நாட்டு மக்களின் தேடலைக் கேட்பதும் ஒன்றல்ல. சேர்த்து வைத்த இடத்தில் இந்த இரண்டுமே நடக்கும். முதலாவதற்கு மட்டும் திறக்கும் பூட்டை யாரும் இதுவரை செய்து கொடுக்கவில்லை.

சரி, பிள்ளைகள். மாலையில் பள்ளி விட்டதும் புராஜெக்ட் பிரின்ட் எடுக்க என் கடைக்கு வருவார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை மனித உடல் என்று படம் தேடும்போது திரையில் என்ன வரும் என்பது என் பொறுப்பு. இதை நான் ஒரு நாளும் தட்டிக் கழிக்க மாட்டேன். ஆபாசம் பெரியவர்களின் சொந்த விஷயம் என்று சொல்லிவிட்டு, பத்து வயதுப் பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

டக்டக்கோவில் பாதுகாப்புத் தேடல் மூன்று நிலை. கண்டிப்பு, மிதம், இல்லை. நாம் எதையும் மாற்றாவிட்டால் மிதம்தான் இருக்கும், அது பச்சையான படத்தையும் வீடியோவையும் மட்டும் மறைக்கும். கண்டிப்பு என்றால் எழுத்து இணைப்புகளையும் சேர்த்து மறைக்கும். கணக்கு இல்லாததால் இந்த அமைப்பு, பிரவுசர் வைத்துக்கொள்ளும் சின்னக் கோப்பான குக்கியில் கிடக்கிறது. ஒவ்வொருவர் எழுந்ததும் நான் பிரவுசரைத் துடைத்துவிடுவதால் அமைப்பும் சேர்ந்து போய்விடும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சேஃப்.டக்டக்கோ.காம் என்ற முகவரியில் போனால் எப்போதும் கண்டிப்பு நிலைதான். சாதாரண முகவரியைத் தட்டினாலும் அங்கேயே போகும்படி டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக்கொடுக்கும் ஏற்பாட்டில், ஒரு வரி போட்டுவிடலாம், பள்ளிக்கூடங்கள் அப்படித்தான் செய்கின்றன. என் கடையில் பிள்ளைகள் சிஸ்டத்துக்கு அதைப் போட்டுக் கொடுத்தது இங்கே பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி.

தேடுபொறியின் ஃபில்டரை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. எந்த நிறுவனத்தின் ஃபில்டரானாலும், ஆங்கில எழுத்தில் தட்டச்சிடும் தமிழ்க் கெட்ட வார்த்தை சல்லடையில் தண்ணீர் மாதிரி போய்விடும். அதனால் அதே சிஸ்டத்தில் அடியில் இன்னொரு அடுக்காக கிளவுட்ஃபிளேரின் குடும்ப டிஎன்எஸ், 1.1.1.3, போட்டிருக்கிறேன். ஆபாசத் தளமே திறக்காது. 2020 ஏப்ரல் 1 அன்று அதைத் தொடங்கிய நாளிலேயே, ஆபாசமே இல்லாத பால்புதுமையர் (எல்ஜிபிடி) தளங்களையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். சத்தம் எழுந்ததும் அன்றைக்கே தவறை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். வடிகட்டி என்றாலே யாரோ ஒருவர் எழுதிய பட்டியல்தான். அந்தப் பட்டியல் என் கடை சிஸ்டத்தில் இருந்தால் பிடிக்காதபோது கழற்றிவிடலாம். அரசாங்கத்திடம் இருந்தால் கழற்ற முடியாது. 2015இல் இந்திய அரசு 857 தளங்களை அடைக்கச் சொன்னபோது அதில் நகைச்சுவைத் தளம்கூட மாட்டியது. எதிர்ப்பு வந்ததும் சில நாளில், குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசம் இல்லாத தளங்களைத் திறக்கலாம் என்று பின்வாங்கினார்கள். குழந்தைகளை வைத்து எடுப்பது வேறு ரகம், அது குற்றம், அதை அடைப்பதிலும் ஆளைத் தேடிப் பிடிப்பதிலும் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஃபில்டர் உண்மையிலேயே வேலை செய்யுமா என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கோபா விசாரணையிலேயே கிடைத்தது. கூகுளிடமும் மைக்ரோசாஃப்டிடமும் வாங்கிய முகவரிகளை வைத்து, அரசுத் தரப்பு நிபுணரான பெர்க்லி புள்ளியியல் பேராசிரியர் பிலிப் ஸ்டார்க் கணக்குப் போட்டார். அட்டவணையில் இருந்த பக்கங்களில் வெளிப்படையான பாலியல் உள்ளடக்கம் சுமார் ஒரு சதவீதம்தான். சோதித்ததில் ஆகக் கண்டிப்பான ஃபில்டர் அதில் 91 சதவீதத்தைத் தடுத்தது. ஃபில்டர் போதாது என்று காட்டுவதற்காக இவ்வளவு சண்டை போட்டு வாங்கிய தகவல், ஃபில்டர் பரவாயில்லை என்று காட்டிவிட்டது. அந்தப் பக்கங்களில் ஏறக்குறைய பாதி அமெரிக்காவுக்கு வெளியே இருந்தன. அமெரிக்கச் சட்டம் அவற்றைத் தொடவே முடியாது, ஃபில்டருக்கு உள்நாடு வெளிநாடு கிடையாது. 2007 மார்ச்சில் நீதிபதி ரீட் சட்டத்தைச் செல்லாது என்றார், 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்ததோடு கோபா முடிந்தது. ஒரு நாளும் அது அமலுக்கு வரவில்லை. பிள்ளைகளைக் காப்பதாகச் சொல்லி, வளர்ந்த பின் அவர்களுக்கே வந்து சேர வேண்டிய உரிமையைச் செதுக்கி எடுப்பது அவர்களுக்கே கேடாகலாம் என்று ரீட் எழுதியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த நர்சிங் மாணவியும் சில வருஷம் முன்னால் பிள்ளைதானே.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. ஆபாசத் தளங்களுக்கென்று டெக்சாஸ் மாநிலம் 2023இல் கொண்டுவந்த வயதுச் சரிபார்ப்புச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் 27 அன்று ஆறுக்கு மூன்று என்று ஏற்றுக்கொண்டது. 2004இல் வைத்த கடும் அளவுகோலை இந்த முறை வைக்கவில்லை. போனில் எல்லாப் பிள்ளை கையிலும் இணையம் வந்துவிட்டது, பெற்றோர் ஃபில்டர் போடுவதில்லை என்ற வாதம் எனக்குப் புரிகிறது. கடைக்கு வரும் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் போடுவதில்லைதான். பிரிட்டனிலும் 2025 ஜூலை 25 முதல் வயதைக் காட்டச் சொல்கிறார்கள், காட்ட மனமில்லாதவர்கள் விபிஎன் ஆப்பைத் தேடி ஓடினார்கள். டெக்சாஸ் சட்டம் அடையாள விவரத்தைச் சேமிக்கக் கூடாது என்று அபராதத்தோடு எழுதிவைத்திருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் யார் எந்த ஆபாசத் தளத்துக்குப் போனார் என்பது அடையாள அட்டையைத் தாண்டிப் போகும்போது, நாலரை அடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களின் நகலை வாங்கிக் கோப்பில் போட்டவள் என்ற முறையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சேமிக்காதே என்று சொன்ன தகவல் எங்கேயாவது ஒரு பேக்கப்பில் தங்கும்.

பழைய விதிகளில் நல்லதும் இருந்தது. தடுப்பில்லாத சிஸ்டத்தின் திரை வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியை இன்றைக்கும் பிள்ளைகள் உட்காரும் சிஸ்டத்துக்கு வைத்திருக்கிறேன். கல்லாவிலிருந்து பார்த்தால் தெரியும். யாருடைய பெயரையும் எழுத வேண்டியதில்லை. உள்பக்கம் இருக்கும் இன்னொரு சிஸ்டம் பெரியவர்களுக்கு. அதில் குடும்ப டிஎன்எஸ் இல்லை, சாதாரண டக்டக்கோ மட்டும். எழுந்து போனதும் பிரவுசர் துடைக்கப்படும். போன மாதம் ஒரு அக்கா மார்பில் கட்டி பற்றிப் படங்களோடு நெடுநேரம் படித்துவிட்டு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எந்த வார்டு என்று விசாரித்துக்கொண்டு போனார். கண்டிப்பான ஃபில்டர் இருந்தால் அந்தப் படங்களில் சில வராமல் போயிருக்கும்.

யாருக்கு இது சரிப்படும்? நோய், கடன், குடும்பச் சிக்கல் இவற்றையெல்லாம் போனில் தேடுபவர்கள் எல்லாருக்கும் சரிப்படும். தமிழில் உள்ளூர்ச் செய்தியையே நாள் முழுக்கத் தேடுபவர்கள் கூகுளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். அரசாங்கமே உங்களைக் குறிவைத்துப் பார்க்கிறது என்ற நிலையில் இருப்பவருக்குத் தேடுபொறியை மட்டும் மாற்றினால் போதாது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

பிள்ளை கையில் போன் கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு 9 முதல் வந்த போன்களில் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஓர் இடம் இருக்கும். அதில் எண்ணுக்குப் பதில் கிளவுட்ஃபிளேரின் குடும்ப முகவரியை, family.cloudflare-dns.com என்று, போட்டால் வீட்டு வைஃபையிலும் வெளியே சிம் டேட்டாவிலும் ஒரே காவல். அதோடு பிரவுசரின் முதல் பக்கத்தை சேஃப்.டக்டக்கோ.காம் என்று மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிஷ வேலை. வராவிட்டால் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.